₹13,800 போச்சு: வெளியே செம்பு, உள்ளே அலுமினியம்

வீட்டு ஒயரிங்குக்கு காப்பர் ஒயர் என்று சொல்லி, செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள். மொத்த விலை எலெக்ட்ரிகல் கடை. 2.5 ஸ்கொயர் எம்எம், 90 மீட்டர் காயில் 6. ஒன்று ₹2,300 வீதம் ₹13,800. எரிச்சல் அடங்கவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கடைக்காரர் முனையில் ஒரு அங்குலம் உறையை உரித்து, இழைகளை விரித்துக் காட்டினார். பளபளவென்று செம்பு நிறம். "நல்லாப் பாத்துக்கோங்க சார், நூறு பர்சென்ட் காப்பர், டப்பாலயே போட்டிருக்கு." அந்த ஒரு அங்குலத்தை நம்பித்தான் பணம் கைமாறியது. நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இழை மேல் இருக்கும் செம்புத் தோல் சில மைக்ரான்தான்.

இந்த ஒயரை இழுத்து, 2 கிலோவாட் கீசர் மாட்டிய 16 ஆம்பியர் சாக்கெட்டில் கருகல் வாடை. கவரைக் கழற்றினால், ஸ்க்ரூ பிடித்த இடத்தில் உறை பழுப்பேறி இளகிக் கிடக்கிறது. எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) விழவில்லை, விழவும் விழாது. கீசர் இழுப்பது வழக்கமான 9 ஆம்பியர்தான். எம்சிபிக்குத் தெரிவது லைனில் ஓடும் கரண்ட், டெர்மினல் சூடு அல்ல. ஸ்க்ரூ அழுத்தத்தில் அலுமினியம் நாளடைவில் நசுங்கி, பிடிப்பு தளரும். காற்றுப் பட்ட இடத்தில் கரண்ட் கடத்தாத ஆக்சைடு படியும். அந்த இணைப்பில் ரெசிஸ்டன்ஸ் (கரண்டுக்குத் தடை) அரை ஓம் ஏறினாலே 9 × 9 × 0.5, சுமார் 40 வாட் சூடு. பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்த மாதிரி. இது போக, அதே தடிமனில் இந்த ஒயரின் ரெசிஸ்டன்ஸே செம்பைப் போல ஒன்றரை மடங்கு.

ஓர் இழையை லைட்டர் நெருப்பில் காட்டினால் போதும். செம்பு சிவந்து அப்படியே நிற்கும், உருக 1,085 டிகிரி வேண்டும். இது தொங்கி, அறுந்தே விழுந்தது. அலுமினியத்துக்கு 660 டிகிரி. எடையும் பொய் சொல்லாது. ஒரு மீட்டர் ஒயரை முழுக்க உரித்துச் சமையலறைத் தராசில் வைத்தால் அசல் செம்பு 22 கிராம் நிற்கும். இது 9 கிராம்கூட வரவில்லை.

₹13,800ஐத் திருப்பிக் கேட்டால் முதல் பதில்: "உங்க எலெக்ட்ரீஷியன் டைட் பண்ணியிருக்க மாட்டார்." அடுத்து, லோடு அதிகமாம். உருகிய இழையை மேஜையில் போட்டதும், "லேப் ரிப்போர்ட் கொண்டாங்க, கம்பெனிக்கு அனுப்புறேன்." அப்புறம் ஓனர் வெளியூர். கடைசியில் ஒரு புது விஷயம்: அவர்கள் தந்தது பில்லே இல்லையாம், எஸ்டிமேட் சீட்டாம்! கழற்றிய ஒயரைக் காயலான் கடைக்காரர் கத்தியால் ஒரு சுரண்டு சுரண்டினார், உள்ளே வெள்ளை. அலுமினிய ரேட்தான் தருவேன் என்றார். அவருக்குத் தெரிந்தது ஒயர் விற்கிறவருக்குத் தெரியாதாம்.

விவரமாக எழுதப் பொறுமையில்லை, முக்கியமானது மட்டும். டப்பாவில் ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் 694 என்ற தர எண், கீழே சிஎம்/எல் என்ற லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். அந்த லைசென்ஸ் எண்ணை, முத்திரை தரும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். காயிலின் ரெசிஸ்டன்ஸைப் பார்க்க மல்டிமீட்டர் ஓம் ரேஞ்சை நம்பாதீர்கள், அதன் லீட் ஒயரே அரை ஓம் வரை காட்டும். 12 வோல்ட் பேட்டரியோடு 55 வாட் கார் பல்பையும் முழு காயிலையும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டு, காயிலின் இரு முனைக்கும் இடையே வோல்டேஜை அளந்து பாருங்கள். 4 ஆம்பியர் ஓடும்போது செம்பில் 2.9 வோல்ட்டுக்கு மேல் வராது. 4 வோல்ட்டைத் தாண்டினால் எடுத்துக்கொண்டு கடைக்கே போங்கள், பைப்புக்குள் இழுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே இழுத்துவிட்டவர்கள் மெயினை ஆஃப் செய்துவிட்டு முதலில் கீசர், ஏசி பாயின்ட்களைத் திறந்து பாருங்கள். புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.