சுழலும் தண்டில் பேரிங்கை நகராமல் நிறுத்தத் தோளா (தண்டின் விட்டம் பெருக்கும் படி), சர்க்லிப் காடியா (வளையக் கிளிப் அமரும் பள்ளம்)?

செலவு: தோளுக்குத் தடித்த கம்பி வாங்கிக் கடைய வேண்டும், காடிக்கு லேத்தில் ஒரு வெட்டுப் போதும்.

கழற்றுதல்: சர்க்லிப்பே எளிது.

தகைவுச் செறிவு (வடிவம் மாறும் இடத்தில் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பின் உள்விசை, எத்தனை மடங்கு கூடுகிறது என்பது): தண்டு வளைக்கப்படும்போது, மூலை ஆரம் (படியின் உள்மூலை உருட்டலின் ஆரம்) விட்டத்தில் பத்தில் ஒரு பங்குள்ள தோளுக்குத் தொடக்க மதிப்பீடாக 1.7 எடுப்பார்கள், காடிக்கு 5.

நிலையான சுமையில் இவ்வேறுபாடு அவ்வளவு உறுத்தாது. மென்எஃகு காடியின் அடியில் சற்றே இளகி (நிரந்தரமாக உருமாறி) தகைவைப் பகிர்ந்துகொள்ளும், வட்டக் குறுக்குவெட்டு முழுவதும் பிளாஸ்டிக் நிலையை (முழுதும் இளகிய நிலையை) எட்ட, இளகல் தொடங்கிய வளைப்புத் திருப்புத்திறனைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு தேவைப்படும் (இரண்டும் 1.7 என்பது தற்செயல்). சுழலும் தண்டிலோ ஒவ்வொரு சுற்றிலும் இழுவிசையும் அமுக்கமும் மாறி மாறி வருவதால் அந்தக் கையிருப்பை நம்ப இயலாது. இப்படி மாறி மாறி வரும் சுமையால் உண்டாகும் சோர்வு விரிசல் பெரும்பாலும் காடியின் மூலையில்தான் தொடங்கும்.

எனவே வளைவு ஏறக்குறைய இல்லாத தண்டு முனையில் காடி போதும். கியருக்கும் பேரிங்குக்கும் இடையில், செலவு கூடினாலும், தோளையே பரிந்துரைப்பேன். அதன் மூலை ஆரம் பேரிங்கின் மூலை ஆரத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும்.