டெர்மினலில் நேரக்கணக்கு: டைம்வாரியரா, வாட்சனா, கேலாக்கா?

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று டெர்மினலிலேயே (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) குறித்துவைக்க இந்த மூன்று கருவிகளும் நன்றாகவே உதவுகின்றன. தொடங்குவது, நிறுத்துவது எல்லாம் எதிலும் ஒரு வரிதான். அதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கடிகாரத்தை நிறுத்த மறந்து எழுந்து போய்விட்டால், அப்புறம் வந்து கணக்கைச் சரிசெய்வது எவ்வளவு சுலபம்?

டைம்வாரியர் இதில் கெட்டி. வேலைப் பட்டியல் வைக்கும் கருவியான டாஸ்க்வாரியரை உருவாக்கிய அதே குழுவின் கருவி இது. 'ஸ்டாப்' கட்டளையோடு 12:30 என்று கடந்துபோன நேரத்தையே கொடுக்கலாம். நிறுத்திய பிறகுதான் கவனித்தீர்களா? 'ஷார்ட்டன்' கட்டளையோடு, கடைசிப் பதிவைக் குறிக்கும் @1 என்ற எண்ணையும் அரை மணி நேரத்தையும் கொடுத்தால், கடைசிப் பதிவின் வாலில் அரை மணி குறைந்துவிடும். அதுவும் தப்பாகிவிட்டால் 'அன்டூ' இருக்கிறது. புது வேலையைத் தொடங்கினால் ஓடிக்கொண்டிருப்பது தானாக முடிந்துவிடும். ஏற்கெனவே உள்ள நேரத்தின் மேல் இன்னொன்றைப் பதிய முயன்றால் மறுத்துவிடும். ':அட்ஜஸ்ட்' சேர்த்தால்தான் பழையதை வெட்டி இடம் கொடுக்கும்.

குறை என்று பார்த்தால், ப்ராஜெக்ட் என்ற தனி அடுக்கு இதில் இல்லை, எல்லாமே டேக்தான், அதாவது பதிவோடு ஒட்டும் அடையாளச் சொல். ஓர் எழுத்து மாறினாலும் அது புது டேக். மாதக் கடைசியில் ஒரு டேக்கை மட்டும் வடிகட்டிக் கூட்டும்போது அப்படி எழுத்து மாறிப் பதிந்த நேரம் காணாமல் போயிருக்கும். மணிக்கணக்கில் பில் போடுகிறவர்கள் பில் அனுப்பும் முன் டேக் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வாட்சன் அங்கே ஒழுங்கு. பைத்தானில் எழுதப்பட்டது, ப்ராஜெக்ட் தனி, கூட்டல் குறியோடு வரும் டேக் தனி. அறிக்கையில் ப்ராஜெக்ட்டின் மொத்தமும் அதன் கீழே டேக் வாரியான நேரமும் பளிச்சென்று வரும். ஆனால் திருத்தம் என்று வந்தால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 'எடிட்' கொடுத்தால் பதிவு ஜேசன் என்ற தரவு வடிவில் எடிட்டரில் திறக்கிறது. ஒரு வேலை ஓடும்போது இன்னொன்றைத் தொடங்கினால், அமைப்பை மாற்றாதவரை, பிழை காட்டி நின்றுவிடும். தரவுக் கோப்பைத் திறந்தால் நேரமெல்லாம் 1970 முதல் எண்ணிய விநாடிகள். கண்ணால் படித்துப் புரிந்துகொள்ள வழியில்லை.

கேலாக்கில் அந்தச் சிக்கலே கிடையாது. வெறும் டெக்ஸ்ட் கோப்பு: மேலே தேதி, கீழே கொஞ்சம் உள்தள்ளி '9:00 - 11:30', பக்கத்தில் குறிப்பு. ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு '9:00 - ?'. மறந்துவிட்டால் கேள்விக்குறியை அழித்து நேரத்தை எழுதினால் போதும், தனிக் கட்டளை எதுவும் தெரிய வேண்டாம். கோப்பை மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் வைத்தால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதும் தெரியும். அன்றைக்கு இத்தனை மணி நேரம் வேலை என்று தேதிக்குப் பக்கத்திலேயே இலக்கு எழுதலாம். கூடுதலா குறைவா என்று கருவியே சொல்லிவிடும்.

கடிகாரமே வேண்டாம், மாலையில் உட்கார்ந்து தோராயமாக எழுதினால் போதும் என்பவர்களுக்கு ஹெச்லெட்ஜர் என்ற கணக்குக் கருவியின் டைம்டாட் வடிவம் பொருந்தும். ஒரு புள்ளி வைத்தால் 15 நிமிடம்.

என் ஓட்டு கேலாக்குக்குத்தான். ஏற்கெனவே டாஸ்க்வாரியரில் வேலைகளைப் பட்டியலிடுகிறவர்கள் மட்டும் யோசிக்காமல் டைம்வாரியருக்குப் போகலாம்: டைம்வாரியருடன் வரும் ஹூக்கை (இரண்டையும் இணைக்கும் சின்ன நிரல்) நிறுவிவிட்டால், அங்கே வேலையைத் தொடங்கும்போதே இங்கே கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும்.