டிராக் காரை இழுக்க எந்த வண்டி: ஹைலக்ஸா, பிராடோவா, ரேஞ்சரா?

என்னுடைய பழைய ஈ30 பி.எம்.டபிள்யூ. 325ஐ கார் இரண்டு வருஷம் முன்பு வரை தன் காலிலேயே டிராக்குக்குப் போய் வந்தது. போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் இருக்கும் டெஸ்ஸி ரேஸ்வேதான் எங்களுக்குக் கிட்ட. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம்; அங்கே காலை காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் முதல் சுற்று ஓடிவிடலாம். அப்புறம் கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டான ரோல் கேஜ் வந்தது, பக்கெட் சீட் வந்தது, ஏ.சி. போனது, பின் சீட்டும் கார்பெட்டும் போயின. கூடவே ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் கயாலமி டிராக்கில் ஓட்டும் ஆசையும் வந்தது. டர்பனிலிருந்து ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த இரைச்சலில் அவ்வளவு தூரம் ஓட்டிப்போய், டிராக்கில் ஏதாவது உடைத்துக்கொண்டால் திரும்பி வருவது எப்படி? டிரெய்லர் வாங்குவது என்று முடிவானது. அதை இழுக்க வண்டி?

இங்கே பிக்கப்புக்குப் பெயர் பக்கி. "பக்கி வாங்கப் போகிறேன்" என்று திருநெல்வேலியில் இருக்கும் சித்தியிடம் போனில் சொன்னேன். யாரை இப்படித் திட்டுகிறாய் என்று கேட்டார்.

என் பட்டியலில் மூன்று வண்டிகள். டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 டபுள் கேப், பழைய டொயோட்டா பிராடோ 3.0 டீசல், ஃபோர்டு ரேஞ்சர் வி6. நான் வாங்கியது ஹைலக்ஸ், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும். ஜெர்மன் வி6 டீசல் எஸ்.யூ.வி. ஒன்றையும் பார்த்தேன். இழுப்பதற்கு அருமையான வண்டி. ஆனால் அதன் ஏர் சஸ்பென்ஷனுக்கு நண்பர் ஒருவர் கட்டிய பில்லைப் பார்த்ததும் ஆசை விட்டுப்போனது.

சக்தியைப் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. ஹைலக்ஸ் 150 கிலோவாட், 500 நியூட்டன் மீட்டர். பிராடோ 120-ம் 400-ம். ரேஞ்சர் 184-ம் 600-ம். மூன்றும் டர்போ டீசல், அதுதான் முக்கியம். கடல் மட்டத்தில் கிளம்பும் என்3 நெடுஞ்சாலை வான் ரீனன் கணவாயில் ஏறக்குறைய 1,700 மீட்டரைத் தொடுகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் பலத்தை இழக்கும். மேலே போனதும் லாரிகளுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்.

இனி வருவதுதான் விஷயம். விளம்பரத்தில் எல்லாரும் "3,500 கிலோ இழுக்கும்" என்று போடுகிறார்கள். அது தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு. தென்னாப்பிரிக்கச் சாலைச் சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் டிரெய்லரில் இருப்பது ஓவர்ரன் பிரேக். முன்னால் போகும் வண்டி வேகம் குறைத்தால், டிரெய்லர் தன் பாரத்தால் முன்னே தள்ளி, அந்தத் தள்ளலிலேயே பிரேக் பிடிக்கும். அந்த மாதிரி டிரெய்லரின் ஜி.வி.எம்., அதாவது சுமையோடு சேர்த்து அதற்கு அனுமதித்த மொத்த எடை, இழுக்கும் வண்டியின் டேர் எடையைத் தாண்டக் கூடாது. டேர் என்றால் வண்டியின் வெறும் எடை. அதைத் தாண்டினால் டிரைவர் தன் இருக்கையிலிருந்தே இயக்கக்கூடிய பிரேக் டிரெய்லரில் இருக்க வேண்டும். வண்டியின் டேர் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கிலேயே அச்சாகியிருக்கிறது, டிரெய்லரின் ஜி.வி.எம். அதன் டிஸ்க்கில். தினமும் அதன் வழியாகத்தான் ரோட்டைப் பார்க்கிறோம், அதைப் படிப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டம் கேட்பது ஜி.வி.எம்.; நீங்கள் அன்றைக்கு ஏற்றிய எடை இல்லை. 2,500 கிலோ ஜி.வி.எம். டிரெய்லரைக் காலியாகவே இழுத்துப் போனாலும் கணக்கு 2,500தான். நான் முதலில் பேசிய டிரெய்லர் வியாபாரி, "அண்ணா, 2,500 எடுத்துக்கோங்க, பின்னாடி பெரிய கார் வாங்கினாலும் உதவும்" என்று அக்கறையோடு சொன்னார். என் ஹைலக்ஸின் டிஸ்க்கில் டேர் 2,070 சொச்சம். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் வீட்டு வாசலைத் தாண்டும்போதே சட்டமீறல்தான். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

அதனால் வண்டிக்கு முன் டிரெய்லரை முடிவு செய்தேன். 2,000 கிலோ ஜி.வி.எம்., இரட்டை அச்சு. டிரெய்லரின் சொந்த எடை 650. உரித்துப் போட்ட ஈ30 ஏறக்குறைய 1,130. மொத்தம் 1,780. மிச்சம் 220 கிலோ. நாலு மாற்றுச் சக்கரம், இரண்டு பெட்ரோல் கேன், ஜாக், டூல் பாக்ஸ், மடக்குக் கூடாரம் என்று வைத்தால் அந்த மிச்சம் எங்கே போனது என்றே தெரியாது.

ஹைலக்ஸ் எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான். சக்கரமும் கேனும் பின்னால் பக்கியின் தொட்டியில் போய்விடுகின்றன, டிரெய்லரில் கார் மட்டும். பிராடோவில் அதே சாமான் பிள்ளைகளின் சீட்டுக்குப் பின்னால் போக வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் பெட்ரோல் வாடையோடு ஒரு தடவை போய்ப் பாருங்கள், வழியில் ஹாரிஸ்மித் ஊரில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தால் அதிலும் அதே வாடை அடிக்கும்.

ஹைலக்ஸ் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்த ஹைலக்ஸ் என்று பார்க்க வேண்டும். நான் முதலில் பார்த்த ஃபோர் பை டூ, அதாவது இரண்டு சக்கரத்துக்கு மட்டும் எஞ்சின் பலம் போகும் வண்டியின் டிஸ்க்கில் டேர் 1,900 சொச்சம்தான் இருந்தது. விலை குறைவு, ஓட்டமும் குறைவு. நூறு கிலோவுக்காக அதை விட்டேன். ஃபோர் பை ஃபோரின் கூடுதல் இரும்பு மற்ற நாளில் டீசல் குடிக்கும் சுமைதான், டிரெய்லர் மாட்டும் நாளில் அதுவே அனுமதிச் சீட்டு.

இந்தக் கணக்கில் பிராடோவுக்கும் ரேஞ்சர் வி6-க்கும் இடம் தாராளம். பிராடோ 2,200-க்கு மேல் வரும், ரேஞ்சர் இன்னும் மேலே. உங்கள் டிராக் கார் 1,300, 1,400 கிலோ என்றால் என் பேச்சைக் கேட்காமல் அந்தப் பக்கம் போங்கள். ஆனால் பிராடோவின் வீல்பேஸ் 2,790 மில்லிமீட்டர். ஹைலக்ஸ் 3,085, ரேஞ்சர் 3,270. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி குறையக் குறைய, பின்னால் டிரெய்லர் ஆடும்போது அது வண்டியை எளிதாகத் திருப்பிவிடும்.

ஆட்டம் என்றால் என்ன என்று நான் என்3-இல் டவுன் ஹில் என்ற மலை இறக்கத்தில் தெரிந்துகொண்டேன். கயாலமியிலிருந்து முதல் முறை திரும்பும்போது, இருட்டுகிற அவசரத்தில் காரைக் கொஞ்சம் பின்னுக்கு நிறுத்திக் கட்டிவிட்டேன். ஹில்டன் தாண்டி மாரிட்ஸ்பர்க் இறக்கத்தில் தொண்ணூறைத் தாண்டியதும் இடது கண்ணாடியில் ஈ30-யின் விளக்கு எட்டிப்பார்த்தது. அடுத்த நொடி வலது கண்ணாடியில். மறுபடி இடது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மச்சான் எழுந்து உட்கார்ந்தான், ஒன்றும் பேசவில்லை. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். எழுபதுக்கு இறங்கிய பிறகுதான் அடங்கியது.

அது வண்டியின் குற்றமில்லை, என்னுடையது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்து சதவீதம் அளவுக்குக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். மறுநாள் ஒரு பலகையை எடுத்து, ஒரு முனையைக் குளியலறை எடை மெஷின் மேலும் மறு முனையைக் கல்லின் மேலும் வைத்து, நட்டநடுவில் கொக்கியை இறக்கினேன். மெஷின் 45 காட்டியது. பாதி பாரம் கல்லுக்குப் போகிறது, ஆகவே மொத்தம் 90. வேண்டியது 180. காரை ஒரு அடி முன்னே நகர்த்தினேன், சரியாகிவிட்டது. இப்போது முன் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பெயின்டில் கோடு இருக்கிறது. அந்த எடை மெஷினை மனைவி மறுபடி வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

ரேஞ்சரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உரிமையில்லை. நண்பருடைய வண்டியில் ஒரே ஒரு தடவை, மூயி ரிவர் வரைக்கும் இழுத்திருக்கிறேன். பின்னால் டிரெய்லர் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. பத்து கியர் ஆட்டோமேட்டிக், ஏற்றத்தில் எந்த அலட்டலும் இல்லை. நூறாயிரம் கிலோமீட்டர் தாண்டி எப்படி இருக்கும் என்பது அதை வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்த விலையில் அது என் கைக்கு எட்டவும் இல்லை.

விற்கும்போது என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஹைலக்ஸ் செய்யும் தொழிற்சாலை பிராஸ்பெக்டனில், இசிப்பிங்கோவை ஒட்டி இருக்கிறது. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் அங்கே வேலை பார்த்தவர்கள் உண்டு. அது என்னத்தைத் தின்னும், எங்கே துருப்பிடிக்கும் என்று கேட்காமலே வந்து சொல்வார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது, விற்கவும் ஆள் இருக்கிறது, திருடவும் ஆள் இருக்கிறது. டிராக்கர் பொருத்தினால்தான் பாலிசி என்று இன்ஷூரன்ஸில் சொல்லிவிட்டார்கள். அந்த மாதாந்திரச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீசல், டிரெய்லரோடு நூறு கிலோமீட்டருக்கு எனக்குப் பதின்மூன்று லிட்டருக்குச் சற்று மேல். டேங்க் 80 லிட்டர். கணக்குப்படி ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேரலாம், மனசு கேட்காது. ஹாரிஸ்மித்தில் நிரப்பிவிடுகிறேன். கடலோரத்தை விட உள்நாட்டில் விலை அதிகம், ஆகவே டர்பனில் டேங்கை முட்ட நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவது. டோல் கேட்டில் கார் டிரெய்லருக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண கார் லைசென்ஸான பி கோட் மட்டும் வைத்துக்கொண்டு 750 கிலோவுக்கு மேல் ஜி.வி.எம். உள்ள டிரெய்லரை இழுக்க முடியாது, ஈ.பி. வேண்டும். நான் அதற்காக மறுபடி டெஸ்ட்டுக்குப் போய், டிரெய்லரை ரிவர்ஸில் எடுக்கத் தெரியாமல் அங்கே வரிசையில் நின்றவர்களையெல்லாம் சிரிக்க வைத்தேன். அதையும் பழகிக்கொள்ளுங்கள், டிராக் பிட்டில் இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்கள்.

வான் ரீனனை வெயில் காலத்தில் பார்த்துவிட்டு எப்போதும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 செப்டம்பரில், புரட்டாசி பிறந்த அதே வாரம், அங்கே பனி கொட்டி என்3 மூடப்பட்டது, வண்டிகள் இரவெல்லாம் நடுரோட்டில் நின்றன. நாங்கள் அந்த வாரம் கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் ஃபோர் பை ஃபோர் இருந்தும் லாரிகளுக்குப் பின்னால் நின்றிருப்போம்.

மச்சான் கடைசியில் பிராடோதான் வாங்கினான். மூன்று பிள்ளைகள், அம்மா, மாமியார் என்று அவன் வீட்டுக் கணக்கு வேறு. அவனுடைய கோல்ஃப் காரும் இப்போது டிரெய்லரில்தான் வருகிறது. பெட்ரோல் கேனை மட்டும் ஒவ்வொரு தடவையும் காலை நாலரைக்கு என் வாசலில் கொண்டுவந்து, என் பக்கியில் ஏற்றிவிட்டுப் போகிறான்.