வெளிச்சுவர் பூச்சு பெயர்ந்தால்: பெயிண்ட்டா, ஒட்டுப் பூச்சா, முழுப் பூச்சா?

கடலூர் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு 22 வயது ஆகிறது. கிழக்குச் சுவரில் பூச்சு உப்பிக்கொண்டு காரை காரையாக விழ ஆரம்பித்ததும் மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 21,000 ரூபாய் சொன்னார், அடுத்தவர் 28,100, மூன்றாமவர் 73,800. மூவரும் பார்த்தது ஒரே சுவரைத்தான்: 30 அடி நீளம், 20 அடி உயரம், 600 சதுர அடி, கொத்தனார் கணக்கில் 6 சதுரம். இவ்வளவு தள்ளி நிற்கும் விலைகளை எப்படி ஒப்பிடுவது என்று முதலில் எங்களுக்குப் புரியவில்லை. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோதுதான், மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

21,000 என்பது வெடிப்பை அடைத்து, பட்டி பார்த்து, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடிப்பதற்கு. சதுர அடிக்கு 35 ரூபாய். ஆட்கள் கயிற்றில் தொங்கியே அடித்துவிடுவார்கள் என்பதால் சாரம் கட்டும் செலவு கிடையாது. நான்கு நாளில் சுவர் புதிதாகிவிடும். மூன்று வருடத்துக்கு முன் இதே வேலையைத்தான் செய்தோம். இரண்டாவது ஐப்பசி மழையிலேயே பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே இருந்து தண்ணீர் கசிந்தது, பின்னாலேயே வெள்ளை உப்புத் தூள் கொட்டியது. பெயிண்ட் மழையைத் தடுத்ததுதான். ஆனால் சன்ஷேட் சேரும் இடத்து வெடிப்பு வழியாக மேலிருந்து இறங்கிய தண்ணீருக்கு வெளியே போக வழியில்லாமல் போய்விட்டது. அதனால் என் கருத்து இதுதான்: பூச்சு செங்கல்லை இறுகப் பிடித்துக்கொண்டிருந்து, மேலே மயிரிழை வெடிப்பு மட்டும் ஓடியிருந்தால் பெயிண்ட் போதும், நல்ல வேலையும்கூட. செங்கல்லை விட்டு விலகிப் பொருமிய பூச்சின் மேல் அடித்தால் அந்தப் பணம் வீண்.

பூச்சு பிடித்திருக்கிறதா, பொருமியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டாவதாக வந்த கொத்தனார் விலை பேசுவதற்கு முன்பே கரண்டியைத் திருப்பிப் பிடித்து, மரப்பிடியால் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். "தம்பி, கிட்ட வந்து சத்தத்தைக் கேளுங்க" என்றார். நல்ல இடத்தில் "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்டது. இரண்டடி தள்ளித் தட்டினால் காலி டப்பாவைத் தட்டுவதுபோல் "டொப் டொப்". சத்தம் மாறும் இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனார், ஏணி வைத்து மேலேயும் ஏறிப் பார்த்தார். கடைசியில் கோட்டுக்குள் வந்தது மூன்று இடங்களில் சுமார் 90 சதுர அடி. வெளியே பெயர்ந்து தெரிந்ததோ 20 சதுர அடிகூட இருக்காது. அந்தத் தட்டலுக்கு ஒரு மணி நேரம் ஆனது, காசு எதுவும் கேட்கவில்லை. மூன்று விலையையும் ஒப்பிட எங்களுக்குக் கிடைத்த ஒரே அளவுகோல் அந்த 90தான்.

அவருடைய கணக்கு இப்படி: பொருமிய 90 சதுர அடியை மட்டும் கொத்திப் பூச, அதாவது ஒட்டுப் பூச்சுக்கு, பொருளும் கூலியும் சேர்த்து சதுர அடிக்கு 120 வீதம் 10,800. சாரத்துக்கு 5,000. ரப்பீஸ், அதாவது கொத்திய கழிவு, அள்ளிப்போட 1,500. ஒட்டுப் போட்ட இடம் தனியாகத் தெரியும் என்பதால் சுவர் முழுக்கச் சாதாரண பெயிண்ட் 10,800. ஆக 28,100.

முழுச் சுவரையும் கொத்திப் பூசுகிறேன் என்றவரோ சதுர அடிக்கு 85தான் கேட்டார். ஒட்டுப் பூச்சுக்கு மட்டும் ஏன் 120? கேட்டபோது கொத்தனார் பொறுமையாக விளக்கினார். மூன்று துண்டு வேலைக்கும் சாரத்தை இடம் மாற்ற வேண்டும். ஓரங்களை கிரைண்டரால் நேராக வெட்ட வேண்டும். பழைய பூச்சோடு மட்டம் சேர்க்க நேரம் பிடிக்கும். வேலை குறைவாக இருந்தாலும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முழு நாள் கூலிதானே? நியாயமாகப் பட்டது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சதுர அடி விலையை மட்டும் பார்த்தால் 85 மலிவு. மொத்தத்தைப் பார்த்தால் முழுப் பூச்சு 51,000, சாரம் 7,000, ரப்பீஸ் 5,000, பெயிண்ட் 10,800 என்று 73,800இல் போய் நிற்கிறது.

அப்படியானால் முழுப் பூச்சு எப்போது லாபம்? 51,000ஐ 120ஆல் வகுத்தால் 425. சாக்பீஸ் கோட்டுக்குள் 425 சதுர அடி வந்தால் பூச்சுக்கு மட்டும் இரண்டும் ஒரே விலை. நான் அதுவரைக்கும் காத்திருக்க மாட்டேன். ஒட்டு கூடக் கூட இணைப்புகளும் கூடும், ஒவ்வொரு இணைப்பும் நாளைக்கு வெடிப்பு விடக்கூடிய இடம். பாதிச் சுவர், அதாவது 300 சதுர அடி தாண்டினாலே முழுதாகக் கொத்திவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பழைய பூச்சு தொட்டாலே மணலாக உதிர்ந்தாலும் அப்படியே.

விலை கேட்கும்போது பொருளோடு சேர்த்தா, கூலி மட்டுமா, சாரமும் ரப்பீஸும் யார் தலையில், ஜன்னல், கதவு அளவைக் கழிப்பார்களா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் கணக்கை நாமே சரிபார்க்கலாம். 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுரம் பூச, 1:4 கலவைக்கு (ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல்) ஏறக்குறைய ஒன்றரை மூட்டை சிமெண்ட், ஏழெட்டு கன அடி மணல் ஆகும். 6 சதுரத்துக்கு 15 மூட்டை கேட்டால் காரணம் கேளுங்கள். சிமெண்ட் கூடினால் உறுதி கூடும் என்று எங்கள் அப்பாவும் நினைத்துக்கொண்டிருந்தார். வெளிப்பூச்சுக்கு அது கெடுதல்தான். கலவை காயும்போது அதிகமாகச் சுருங்கி வலை வலையாக வெடிக்கும்.

நாங்கள் ஒட்டுப் பூச்சையே எடுத்தோம். கொத்தியபோது முதல் துண்டிலேயே காரணம் அகப்பட்டது. கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் கோழி வலை கட்டாமலே பூசியிருந்தார்கள். அங்கே நீளமாக வெடித்து, சன்ஷேட் மேல் தேங்கிய மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் அரையடிக்கு வலை அடிக்கவும், சன்ஷேட்டுக்கு வாட்டம் கொடுக்கவும் கூடுதலாக 3,500 ஆனது. மதிப்பீட்டில் இல்லாத செலவு அது ஒன்றுதான், நான் மனதாரக் கொடுத்ததும் அதைத்தான். அப்புறம் தூசி தட்டி, செங்கல்லை நனைத்து, பிடிப்புக்காக லேட்டக்ஸ் திரவம் கலந்த சிமெண்ட் பால் அடித்து, பி சாண்டில் (பூச்சுக்கான நைசான செயற்கை மணல்) இரண்டு கோட்டாகப் பூசினார்கள். ஏழு நாள் காலையும் மாலையும் அம்மாவே ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டார். பெயிண்ட்டுக்கு 28 நாள் காத்திருந்தோம்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவராக இருந்தால் இந்த மூன்று விலையையும் மறந்துவிடுங்கள். அந்தச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஆளைத் தேடுங்கள். கூலியும் கூடும், நாளும் கூடும், ஆனால் அந்தச் சுவருக்கு ஏற்றது அதுதான்.

வேலை முடிந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. கிழக்குச் சுவரில் நானே கரண்டிப் பிடியால் தட்டிப் பார்த்தேன், எல்லா இடமும் கெட்டிச் சத்தம்தான். வடக்குச் சுவரில் மட்டும் ஜன்னலுக்குக் கீழே "டொப்" என்று கேட்கிறது. சாக்பீஸ் கோட்டுக்குள் 12 சதுர அடி வந்திருக்கிறது. தை பிறந்ததும் வரச் சொல்லிக் கொத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.