“டூருக்கு ரெடி சார்” என்று விற்ற பைக்கின் பிரேக் மலை இறக்கத்தில் பிடிக்கவில்லை

இளவயதில் நிறைய பைக் ஓட்டிவிட்டு, வேலை, வீடு, பிள்ளைகள் என்று அதை விட்டுவிட்டு, ஐம்பதைத் தாண்டியபின் மறுபடியும் ஒரு வண்டி வாங்கி நீண்ட பயணம் போகலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மைக் குறிவைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, பழைய ஆசை இருக்கிறது, போட்ட லீவு தேதியும் நெருங்குகிறது. இந்த மூன்றோடும் கடைக்குள் நுழைகிறவரை விற்பவர் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். என்னையும் அப்படித்தான் கண்டுபிடித்தார்.

நான் வாங்கியது பழைய டூரிங் பைக். வண்டி, இரண்டு பக்கமும் சைடு பாக்ஸ், எனக்கும் மனைவிக்கும் ஹெல்மெட், கிளம்புவதற்கு முன் ஒரு முழு சர்வீஸ் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலை பேசினார்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் என்னென்ன செய்தார்கள் என்பதை வரிவரியாக எழுதி வாங்கினேன். முன்னும் பின்னும் புது டயர், முன்னும் பின்னும் பிரேக் ஆயில் மாற்றம், புது செயின் செட், ஃபோர்க் ஆயில் சீல். பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. வண்டியை எடுக்கும்போது ஹேண்டில்பார் பக்கத்தில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் கண்ணாடியையும் பார்த்தேன். ஆயில் வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருந்தது. டயரில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் வெட்டுகள், முழுசாக இருந்தது, வார்ப்பில் வரும் சின்ன ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. யார் பார்த்தாலும் புதுசு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பயணத்தின் முதல் பகுதி சமவெளி, நல்ல சாலை. அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் மலை வந்தது. ஏறும்போதும் சிக்கல் இல்லை. மறுபக்கம் இறங்கும்போது, இரண்டு பேர் எடையும் பெட்டிகளின் எடையுமாக, வளைவுக்கு மேல் வளைவு. பாதி இறக்கத்தில் முன் பிரேக் லீவர் கொஞ்சம் மெத்தென்று ஆனது. அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அதற்கடுத்ததில் லீவர் நேராக ஹேண்டில்பாரில் வந்து இடித்தது. வேகம் குறையவே இல்லை. கியரை ஒவ்வொன்றாக இறக்கி, பின் பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, லீவரை வேகமாகப் பலமுறை அடித்து, மலைச்சுவர் பக்கம் இருந்த சரளை ஓரத்தில் வண்டியை ஒருவழியாக நிறுத்தினேன். பின்னால் இருந்தவர் அதற்குள் என் தோளைப் பிடித்த பிடி மறுநாளும் வலித்தது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். கொஞ்ச நேரம் வண்டியை ஆறவிட்டதும் லீவர் பழையபடி கெட்டியாகிவிட்டது. எதுவுமே நடக்காத மாதிரி. இப்படி ஆனால் பலர் “ஏதோ சூடு, சரியாகிவிட்டது” என்று கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து கிளம்பாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஹோஸ் வழியாகவும் சீல் வழியாகவும் மெதுவாக உள்ளே போகும் ஈரம் அது. வண்டி ஓடினாலும் நின்றாலும் போய்க்கொண்டே இருக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி வைத்திருக்கும் அளவு 155 டிகிரிதான். இறக்கத்தில் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கும் அதைப் பிடிக்கும் பேடும் உரசி உண்டாகும் சூடு, பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இறங்குகிறது. உள்ளே இருக்கும் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகிறது. திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். நாம் கையால் கொடுக்கும் அழுத்தம் முழுக்க அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது, பேடு வரைக்கும் எதுவும் போய்ச் சேர்வதில்லை. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், லீவரும் திரும்பிவிடும். கெட்டுப்போனதற்கான அடையாளமே மறைந்துவிடும். பல கம்பெனிகள் ஓடிய தூரத்தைப் பார்க்காமல் 2 வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பில்லில் மாற்றியதாக எழுதியிருக்கிறதே, பிறகு எப்படி? முதல் கியரிலேயே ஊர்ந்து அடிவாரத்துக்கு வந்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் மேலே இருந்த டப்பாவைப் பார்க்கவேயில்லை. நேராகக் கீழே உட்கார்ந்து, காலிப்பரில் இருக்கும் பிளீட் நிப்பிளை, அதாவது பழைய ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகைக் காட்டினார். அதன்மேல் பழைய அழுக்கு இறுகிப் போயிருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ஒரு தெளிவான குழாயை மாட்டித் திறந்ததும் துரு கரைத்த தண்ணீர் மாதிரி ஒன்று வந்தது. மேலே இருந்த டப்பாவில் மட்டும் தெளிந்த மஞ்சள் ஆயில்.

வித்தை எளிது. டப்பாவைத் திறந்து, இருக்கிற ஆயிலை ஊசிக்குழாயால் உறிஞ்சிவிட்டு, அந்த அளவுக்குப் புது ஆயிலை ஊற்றி மூடிவிடுவது. சில நிமிஷ வேலை. வாடிக்கையாளர் பார்க்கக்கூடிய ஒரே இடம் அந்தக் கண்ணாடிதான், அங்கே மட்டும் புதுசு. சூடாகும் இடம் கீழே காலிப்பர், அங்கே வருஷக்கணக்காகக் கிடந்த பழசு. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எங்கே பார்ப்போம் என்று தெரிந்து அங்கே மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

அந்த மெக்கானிக் எழும்போது டயரையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பக்கச்சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் நீளமான குறியீட்டின் கடைசியில், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பல டயர்களில் இது ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும், அதனால் வண்டியின் இரண்டு பக்கமும் குனிந்து பார்க்க வேண்டும். என் “புது” டயர்கள் சாலையைப் பார்க்காதவை என்பது உண்மை. ஆனால் ஏதோ ஒரு கிடங்கில் பல வருஷம் கிடந்து ரப்பர் இறுகிப்போனவை. நகத்தால் அழுத்தினால் பதியவேயில்லை. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இறுகிய ரப்பர் ஈரச்சாலையில் சரியாகப் பிடிக்காது. 5 வருஷம் ஓடிய டயரை அதன்பின் ஆண்டுதோறும் காட்டிப் பரிசோதிக்கவும், செய்த தேதியிலிருந்து 10 வருஷம் ஆனால் தேய்மானமே இல்லாவிட்டாலும் கழற்றவும் டயர் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். இவர்கள் எனக்கு மாட்டிவிட்டதில் அந்தக் கணக்கின் பெரும்பகுதி முதல் நாளே தீர்ந்துபோயிருந்தது.

மழை வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

கடைக்குப் போன் செய்தேன். வண்டி வாங்கும்போது நான்கு நிமிஷத்துக்கு ஒரு “சார்” போட்ட அதே மனிதர்தான் எடுத்தார்.

“இப்போ பிரேக் பிடிக்குதா சார்?”

பிடிக்கிறது, ஆறியபின் பிடிக்கத்தான் செய்யும் என்றேன்.

“பிடிக்குதுல்ல, அப்புறம் என்ன சார்? ரொம்ப வருஷம் கழிச்சு ஓட்டுறீங்க. இறக்கத்துல பிரேக்க அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வந்திருப்பீங்க. கை பழகணும்.”

இதே மனிதர், சின்ன வண்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், “உங்க அனுபவத்துக்கு இதெல்லாம் எதுக்கு சார், ஓட்டின கை மறக்குமா?” என்று சொல்லி இந்தப் பெரிய வண்டியைத் தலையில் கட்டியவர். விற்கும்போது நான் அனுபவசாலி. பிரேக் போனதும் ஓட்டத் தெரியாதவன். நடுவில் ஓட்டாமல் விட்ட வருஷங்களை அவர் தேவைக்கேற்பக் கூட்டியும் கழித்தும் கொள்கிறார். திரும்பி வருகிறவர்களிடம் இந்தப் பேச்சு எடுபடும் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் நமக்கே உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது. ‘ஒருவேளை நம் தப்புதானோ’ என்று வாயை மூடிக்கொண்டு போய்விடுவோம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினால் சூடு கூடும் என்பது சரிதான். கியரில் இறங்குவதும், வளைவுக்கு முன் அழுத்திவிட்டு விடுவதும்தான் முறை. நான் அப்படித்தான் இறங்கினேன். இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், மாற்றாத ஆயிலுக்கு மாற்றியதாகக் காசு வாங்கியதற்கும் என் கைப்பழக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

பெரிய வண்டி பற்றியும் ஒரு வார்த்தை. டூரிங் பைக்குகளில் பல, பெட்டி மாட்டுவதற்கு முன்பே 220 கிலோவைத் தாண்டும். ஓடும்போது அந்த எடை தெரியாது, அதனால் கடைக்காரர் ஓட்டித்தான் காட்டுவார். சரிவான இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னுக்குத் தள்ளி எடுக்கச் சொல்ல மாட்டார். நீங்களே கேட்டுச் செய்து பாருங்கள், பெட்டியில் ஏதாவது கனமாகப் போட்டு.

ஹெல்மெட்டிலும் இதே கதை. உள்மெத்தையைப் பிரித்தால் செய்த தேதி ஒட்டியிருக்கும், அதை அவர்கள் பிரித்துக் காட்டவில்லை. நான் பிரித்தபோது அது டயரைவிட மூத்தது. செயின் செட் மட்டும் நிஜமாகவே புதுசு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏபிஎஸ், அதாவது பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, அந்த விஷயத்தில் அந்த மெக்கானிக் சொன்ன ஒன்றையும் எழுதிவிடுகிறேன், என் வண்டியில் அது நடக்கவில்லை என்றாலும். நாம் ஓட்டிய காலத்து வண்டிகளில் ஏபிஎஸ் இல்லை என்பதால் அதன் விளக்கை எப்படிப் படிப்பது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். வண்டி நகர்ந்து சற்று வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். விளக்கே எரியவில்லை என்றால் கோளாறு இல்லை என்று சந்தோஷப்படக் கூடாது, கோளாறைக் காட்டும் விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

நீங்கள் இப்படி ஒரு வண்டி பேசிக்கொண்டிருந்தால் பிரேக் ஆயிலை மாற்றிவிட்டோம் என்ற பேச்சை ஏற்காதீர்கள். “என் கண்ணெதிரே கீழே நிப்பிளைத் திறந்து கொஞ்சம் எடுத்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். நிஜமாக மாற்றியவர்கள் உடனே செய்வார்கள், முனகினால் மற்றதையும் நம்பாதீர்கள். டயரின் நான்கு இலக்கத்தைப் பணம் கொடுப்பதற்கு முன் படம் எடுத்து, அந்த எண்ணைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறியபின் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள், குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவதைத்தான் நாம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வண்டி கையில் வரும் நாளுக்கும் பயணம் கிளம்பும் நாளுக்கும் நடுவே சில வாரமாவது இருக்கட்டும். எனக்கு வண்டியைக் கிளம்பும் தேதிக்கு ஒட்டித்தான் கொடுத்தார்கள். “கடைசி வேலை ஓடிக்கிட்டிருக்கு சார்” என்று தள்ளித் தள்ளிப் போட்டது, வேறு மெக்கானிக்கிடம் காட்ட நேரம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

நாங்கள் பிரேக் ஆயிலை மாற்றி, கிடைத்த இடத்தில் டயரையும் மாற்றிக்கொண்டு மீதிப் பயணத்தை முடித்தோம். திரும்பி வந்ததும் மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு, நிப்பிளைத் திறந்தபோது எடுத்த வீடியோ, டயர் இலக்கத்தின் படம், பழைய பில் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்கு எழுத்தில் அனுப்பினேன். முதலில் பதில் இல்லை. மறுபடி எழுதியதும் ஒரு சமாதானம் வந்தது: டயர் காசைத் திருப்பித் தருகிறார்களாம், பதிலுக்கு வண்டி பற்றி வேறு எந்தப் புகாரும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பிரேக் என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. கையெழுத்துப் போடவில்லை. புகாரை நுகர்வோர் குறைதீர்வுக்குக் கொண்டுபோகிறேன். முடிவு வந்ததும் இதே பதிவின் கீழே எழுதுகிறேன்.