‘ரன்’ என்ற ஒரே சொல், மூன்று அகராதிகள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். பெரும்பாலும் செயலிகளின் திரையில் வரும் சொற்களும் கருவிகளோடு வரும் கையேடுகளும்தான். பல ஆண்டுகளாக நான் நம்பியிருப்பது வேர்ட்ரெஃபரன்ஸ், லிங்குயி என்ற இரண்டு இருமொழி இணைய அகராதிகளையும், ஸ்பானிஷ் மொழிக்கான அரச கழகத்தின் அகராதியையும். இவை எப்படி உழைக்கின்றன என்று பார்க்க ‘ரன்’ (run) என்ற ஒரு ஆங்கிலச் சொல்லே போதும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதன் வினை வடிவத்துக்கு மட்டுமே 600க்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது.

ஸ்பானிஷில் ஆள் ஓடினால் ‘கொர்ரேர்’. இயந்திரம் ஓடினால் ‘ஃபுன்சியோனார்’. கணினி நிரலை ஓட்டினால் ‘எஹெகுதார்’. படம் இரண்டு மணி நேரம் ஓடினால் ‘துரார்’. துணியில் சாயம் போனால் ‘தெஸ்தென்யிர்’. பெரிய நிறுவனத்தை நடத்துவது ‘திரிஹிர்’. சின்னக் கடையை நடத்துவதற்கு ‘யெவார்’ என்பதுதான் இயல்பாக வரும். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

வேர்ட்ரெஃபரன்ஸ் 1999இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு குறிப்பு இருக்கும்: இது இயந்திரத்துக்கு, இது தேர்தலுக்கு, இது திரவத்துக்கு என்று. என்னைக் கேட்டால் அந்த அகராதியின் உயிரே அந்தக் குறிப்புதான். புதிதாக வருபவர்கள் பலர் அதைத் தாண்டிப்போய் முதலில் தெரியும் ஸ்பானிஷ் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். குறிப்பை முதலில் படித்து, நம் வாக்கியத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே வலப்பக்கம் இருக்கும் ஸ்பானிஷ் சொல்லுக்குக் கண் போக வேண்டும்.

அதற்கும் முன்னால் நான் செய்வது ஒன்று உண்டு. ஆங்கில வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். பிரிண்டரில் மை ‘ரன் அவுட்’ ஆகிவிட்டது என்று கையேட்டில் வருகிறது. நாம் என்ன சொல்வோம்? மை தீர்ந்துவிட்டது. ஸ்பானிஷிலும் அதே அமைப்பு: ‘சே ஆ அகபாதோ லா தின்தா’. மைதான் எழுவாய், தீர்ந்துபோனதும் மைதான். ஆங்கிலத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் இந்த வாக்கியம் சட்டென்று கிடைக்காது. மற்ற சொற்களிலும் இது கைகொடுக்கும். ஆங்கிலத்தின் ‘டைம்’ நமக்கு நேரம், மணி, தடவை என்று பிரியும். ஸ்பானிஷில் தியெம்போ, ஓரா, பெஸ். ‘கார்னர்’ அறைக்குள் என்றால் மூலை, தெருவில் என்றால் முனை; அங்கே ரின்கோன், எஸ்கினா. ‘ப்ளே’ விளையாட்டுக்கு ஹுகார், வீணை வாசிக்கத் தோகார். தமிழ் தெரிந்தவருக்குப் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் இதை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. நம் ‘ஓடு’வும் அகலமான சொல்தான். வண்டி ஓடுகிறது, படம் ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது என்று நாமும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அந்த இடங்களில் தமிழ் எதையும் பிரித்துத் தராது. ‘கேள்’ இன்னும் சிக்கல்: தகவல் கேட்டால் ப்ரெகுந்தார், பொருளோ உதவியோ கேட்டால் பெதிர். தமிழில் இரண்டும் கேட்பதுதான். இங்கே அகராதிக் குறிப்பைத்தான் நம்ப வேண்டும்.

2009இல் வந்த லிங்குயி ஏற்கெனவே மொழிபெயர்க்கப்பட்ட ஆவணங்களிலிருந்து வாக்கியங்களை இணையிணையாகக் காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்கள் அதில் நிறைய. சட்ட வாசகம், உத்தரவாதப் பத்திரம் என்றால் அங்கே போவேன். பேச்சு வழக்குக்குப் போவதில்லை.

அரச கழகத்தின் அகராதியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 1713இல் மாத்ரிதில் தொடங்கிய கழகம். அகராதியின் 23ஆம் பதிப்பு 2014இல் வந்தது, இணையத்தில் இலவசம். இருமொழி அகராதி கொடுத்த ஸ்பானிஷ் சொல்லை இங்கே போட்டு, அதன் பொருளை ஸ்பானிஷிலேயே படிப்பேன். ஏனென்றால் அந்தச் சொல்லுக்கும் பல பொருள் இருக்கும். உடற்பயிற்சிச் செயலியில் ‘ரன்’ பெயர்ச்சொல்லாக வந்தால் ‘கர்ரேரா’ சரி. அதே கர்ரேரா பல்கலைக்கழகப் படிப்பையும் குறிக்கும், டாக்ஸியின் ஒரு சவாரியையும் குறிக்கும். பக்கத்தில் வேறு சொல் இல்லாத பொத்தானில் அதை வைக்கும்போது இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நாட்டுக்கு நாடு மாறும் வழக்கையும் இந்த அகராதி சுருக்கக்குறிகளால் காட்டுகிறது. தேர்தலில் நிற்பதற்கு ஸ்பெயினில் பிரெசென்தார்சே, லத்தீன் அமெரிக்காவில் போஸ்துலார்சே அதிகம். மெக்சிகோவில் ஒருவரைக் ‘கொர்ரேர்’ செய்தார்கள் என்றால் வேலையை விட்டுத் துரத்தினார்கள் என்று அர்த்தம். எந்த நாட்டு வாசகருக்கு என்று தெரியாமல் வேலையை ஏற்பதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

தானியங்கி மொழிபெயர்ப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 2016 வாக்கில் நரம்பியல் வலைப்பின்னல் முறை (ஏராளமான எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினி தானே கற்கும் முறை) வந்த பிறகு முழு வாக்கியங்களில் அது வெகுவாகத் தேறிவிட்டது. சுற்றிலும் சொற்கள் இருந்தால் அது பொருளைப் பிடித்துவிடும். தனிச் சொல்லைக் கொடுத்தால் அதற்கும் பிடிமானம் இல்லை. வேலை தருபவர்கள் பலர் எக்செல் தாளில் வரிசையாக ஒற்றைச் சொற்களை மட்டும் அனுப்புகிறார்கள். நடுவில் ஒரு கட்டத்தில் ‘ரன்’. அது நிரலை இயக்கும் பொத்தானா, ஓட்டப்பயிற்சியின் பதிவா, துவைக்கும் இயந்திரத்தின் ஒரு சுற்றா? எந்த அகராதியும், எந்த இயந்திரமும் இதற்குப் பதில் சொல்லாது. அந்தச் சொல் வரும் திரையின் படத்தை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்குவதுதான் வழி. பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பாதவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் மூன்று ஸ்பானிஷ் சொற்களையும் எது எந்த இடத்துக்கு என்ற குறிப்போடு எழுதி அனுப்புகிறேன்.