பழைய எம்ஜிபி ரோட்ஸ்டரில் சீட் பெல்ட்: மூன்று வகைகளையும் கட்டி ஓட்டிய அனுபவம்

கூரையைத் திறந்து ஓட்டும் பழைய காரில் சீட் பெல்ட் பொருத்துவதில் தலையாய சிக்கல், தூண் இல்லை என்பதுதான். சாதாரணக் காரில் முன்கதவுக்குப் பின்னால் ஒரு தூண் நிற்கும். தோளுக்குச் சற்று மேலே பெல்ட்டை அதில் மாட்டிவிடுவார்கள். 1959-இல் வோல்வோவில் நீல்ஸ் போலின் வடிவமைத்த மூன்று புள்ளி பெல்ட்டுக்கு அந்த மேல் புள்ளிதான் உயிர். திறந்த காரில் அந்த இடத்தில் இருப்பது வெறும் காற்று. சட்டம் போட்டவர்களே இதில் திணறியிருக்கிறார்கள். அமெரிக்கா 1968-இல் புதுக் கார்களுக்கு பெல்ட்டைக் கட்டாயமாக்கியபோது, மற்றக் கார்களின் முன்னிருக்கைகளுக்குத் தோள் பெல்ட்டும் கேட்டது. கூரை திறக்கும் கன்வர்ட்டிபிளுக்கு மட்டும் இடுப்பு பெல்ட் போதும் என்று விட்டுவிட்டது.

என்னிடம் இருப்பது 1964-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், இரண்டே இருக்கை கொண்ட பிரிட்டிஷ் திறந்த கார். ஆபிங்டன் தொழிற்சாலையில் பிறந்தது, இங்கிலாந்துச் சாலைகளிலேயே ஓடுகிறது. 1965 ஜனவரிக்கு முன் ஓடத் தொடங்கிய காருக்கு இங்கே பெல்ட் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பொருத்திவிட்டால் கட்டியே ஆக வேண்டும். “பெல்ட் இல்லாமல் ஓட்டுங்கள், பழைய காருக்கு அதுதான் அழகு” என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கார் உருண்டால் வெளியே தூக்கி எறியப்பட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கட்சி. எறியப்பட்டவர் எதன்மேல் போய் விழுவார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்து ஸ்டீயரிங் தண்டு மோதலில் மடங்காது. ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேராக நிற்கும் இரும்பு அது. குழந்தை விஷயமும் இருக்கிறது. பெல்ட் இல்லாத காரில் மூன்று வயது நிரம்பாத குழந்தையை ஏற்றக்கூடாது, அதற்கு மேற்பட்ட குழந்தை பின்னிருக்கையில்தான் உட்காரலாம் என்கிறது இங்குள்ள விதி. இரண்டே இருக்கை உள்ள காரில் பின்னிருக்கைக்கு எங்கே போவது?

காரை வாங்கும்போதே அதில் நான்கு புள்ளி ஹார்னஸ் இருந்தது: இரு தோள் நாடாக்களும் இடுப்பின் இருபக்கப் பட்டைகளும் நடுவில் சேரும் பந்தய பெல்ட். முன்பு வைத்திருந்தவர் பந்தயத் தடத்தில் ஓட்டியவர். சிவப்பு நாடா, நடுவில் திருகித் திறக்கும் கொக்கி, பார்வைக்கு வெகு மிடுக்கு. இரண்டு தோளையும் சேர்த்து இறுக்கிவிட்டால் அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருக்கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வளைவுகளில் அந்தச் சுகமே தனி.

சாதாரணச் சாலைக்கு வந்தால்தான் அதன் தொல்லை தெரியும். துணிக்கூரையை ஏற்றியிருக்கும்போது எம்ஜிபியில் பின்பக்க மூலைகள் தெரியாது. மோட்டார்வேயில் நுழையும்போது முன்னால் சாய்ந்து, தலையைத் திருப்பி எட்டிப் பார்த்தால்தான் பின்னால் லாரி வருவது தெரியும். ஹார்னஸ் சாயவே விடாது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழும் விளக்கு சுவிட்சும் கைக்கு எட்டாமல் போகும். நாடாவைத் தளர்த்தினால் எல்லாம் எட்டும். ஆனால் தளர்த்திய ஹார்னஸ் கட்டியும் கட்டாத கணக்குதான்.

இவை தொல்லைகள். ஆபத்துகள் வேறு. என் காரில் தோள் நாடாக்கள் இருக்கையின் முதுகைத் தாண்டி நேரே கீழிறங்கித் தரையில் மாட்டியிருந்தன. தோளிலிருந்து நாடா பின்னோக்கிப் போக வேண்டும், கீழ்நோக்கி அல்ல. பந்தய விதிகளில் கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் இறங்கக்கூடாது என்றும், 10 பாகைக்குள் இருப்பதே நல்லது என்றும் இருக்கிறது. செங்குத்தாக இறங்கும் நாடா மோதலின்போது தோளைக் கீழே அமுக்கும். அந்தப் பாரம் முழுவதும் முதுகெலும்பில் இறங்கும். நாடாவை உயரத்தில் மாட்ட, கார் உருண்டால் தலையைக் காக்க இருக்கைக்குப் பின்னால் வைக்கும் உருள் கம்பி போடலாம்தான். ஆனால் ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் இரும்புக் குழாய் இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

இன்னொன்று, தோள் நாடாக்கள் இறுகும்போது நடுக் கொக்கி மேலே ஏறும். இடுப்பெலும்பில் நிற்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு வந்துவிடும், உடம்பு அதனடியில் வழுக்கிக்கொண்டு முன்னே போகும். அதைத் தடுக்கத்தான் தொடைகளுக்கு நடுவே ஐந்தாவது பட்டை. அதைப் போடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். “புடவையோடு அதை எப்படிக் கட்டுவதாம்? நீங்கள் கட்டிக்கொண்டு போங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன்” என்றாள். ஹார்னஸ் அந்த வாரமே கழன்றது.

அடுத்து வந்தது அந்தக் காலத்து முறையிலான, சுருளாத மூன்று புள்ளி பெல்ட். காரின் வயதுக்கு இதுதான் பொருத்தம். குரோம் கொக்கி பளபளவென்று இருக்கும், உள்ளே பழுதாக எந்திரம் எதுவும் கிடையாது. நான் மட்டுமே ஓட்டும் காராக இருந்திருந்தால் இதையே வைத்திருப்பேன். ஆனால் ஆள் மாறும்போதெல்லாம் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். யாரும் சரிசெய்வதில்லை என்பதே நான் கண்டது. தொளதொளவென்று கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கழற்றிப் போட்ட நாடா வாசல் விளிம்பில் விழும், கதவு அதன்மேல் அடித்துச் சாத்தும். நாடாவின் ஓரம் நைந்து பஞ்சு பிரியத் தொடங்கியதும் மாற்றிவிட்டேன்.

இப்போது இருப்பது, நாடாவைத் தானே இழுத்துச் சுருட்டிக்கொள்ளும் சுருள் பெட்டியோடு கூடிய மூன்று புள்ளி பெல்ட். வெகு காலமாக இதுதான், இனியும் இதுதான். கீழ்முனை வாசல் பக்கத்திலும், கொக்கி இரு இருக்கைகளுக்கும் இடையிலுள்ள நடு மேட்டிலும், சுருள் பெட்டி இருக்கைக்குப் பின்னால் சக்கர வளைவின் மேலும் நிற்கின்றன. இதில் பொருத்துபவரைப் படுத்துவது ஒன்றே ஒன்று, பெட்டியின் கோணம். பெட்டிக்குள் ஒரு சிறு குண்டு இருக்கிறது. கார் சடாரென்று வேகம் இழந்தால் அது நகர்ந்து ஒரு பல்லைத் தள்ளிப் பூட்டிவிடும். பெட்டியைக் கையில் நேராகப் பிடித்து நாடாவை இழுத்தால் சரசரவென்று வரும்; மணிக்கட்டைச் சற்றே சாய்த்தால் ‘டிக்’ என்று மெல்லிய ஒலி, அதன்பின் ஒரு விரற்கடை கூட வராது. சாய்த்து மாட்டிய பெட்டி எப்போதும் பூட்டியே கிடக்கும். சக்கர வளைவோ நேரான பரப்பு அல்ல. “எல்லாக் காருக்கும் பொருந்தும்” என்று ஒரு கடையில் தந்த முதல் ஜோடி, மூடிய கார்களுக்கான கோணத்தில் செய்தது. மாட்டிய நாள் முதல் நாடா அசையவில்லை. தாங்கு தகட்டின் கோணத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஜோடியைக் கேட்டு வாங்க வேண்டும். இன்றும் செங்குத்தான சரிவில் நிறுத்தினால் பூட்டிக்கொள்ளும். அது குறையல்ல, குண்டு தன் வேலையைச் செய்கிறது.

காற்று தரும் இம்சை தனி. கூரை இறக்கி வேகமெடுத்தால் தோளுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள நாடா படபடத்து, காதருகே வண்டுபோல் ரீங்கரிக்கும். இருக்கையின் மேல்விளிம்பில் பொத்தான் வைத்த சிறு தோல் வளையம் தைத்து, நாடாவை அதன் வழியே விட்டேன். ரீங்காரம் ஏறக்குறைய அடங்கியது, தோளிலிருந்து நாடா நழுவுவதும் நின்றது. அந்த வளையம் பாரம் தாங்க அல்ல. பலமாக இழுபட்டால் பொத்தான் கழன்று வழிவிட வேண்டும்.

இனி இரும்பைப் பற்றி. பெல்ட் எவ்வளவு நல்லதானாலும், அது பிடித்துக்கொண்டிருக்கும் தகடு துருவாக இருந்தால் பயன் இல்லை. எம்ஜிபிக்குத் தனி அடிச்சட்டகம் (சேஸி) கிடையாது, உடலே சட்டகம். அதிலும் கதவுக்கு அடியிலுள்ள வாசல் பெட்டிதான் முதலில் அரிக்கும். பெல்ட்டின் கீழ்முனை நிற்பதும் அங்கேயே. என் காரில் கம்பளத்தைத் தூக்கி, போல்ட்டைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் ஒலி ‘டங்’கிலிருந்து ‘டப்’புக்கு இறங்கியது. சுரண்டினால் வண்ணம், அதன்கீழ் பட்டி, அதன்கீழ் மெல்லிய தகரம், அதன்கீழ் துருச் செதில். வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகே போல்ட் திரும்ப ஏறியது. இங்கே ஆண்டுச் சோதனையில் பெல்ட் பிடிப்பிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் துரு பலத்தைத் தின்றிருந்தால் தோல்விதான். ஆனால் பெரிதாக மாற்றம் செய்யப்படாத, 40 ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 மே மாதம் முதல் அந்தச் சோதனை கட்டாயமில்லை. யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் நாமே பார்த்தாக வேண்டும். நான் ஆண்டுதோறும் காசு கொடுத்துச் சோதனைக்கு விடுகிறேன்.

போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அதே பருமன்போலத் தெரிகிற மெட்ரிக் போல்ட்டைத் திணித்தால் மரை போய்விடும். நாடா முனையிலுள்ள தகடு போல்ட்டைச் சுற்றி ஆட வேண்டும். அதற்காகவே இடைவளையமும் நெளிந்த வாஷரும் தருகிறார்கள். அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு இறுக்கிய கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெயிலும் மழையும் நேரடியாகப் படுவதால் திறந்த காரின் நாடா சீக்கிரம் வெளுக்கும். மழையில் நனைந்தால் முழுவதும் வெளியே இழுத்துக் காயவிடுகிறேன். ஈரத்தோடு சுருண்டால் பெட்டிக்குள் துரு ஏறும். அழுக்குக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும், பிளீச் கூடவே கூடாது.

தீராமல் இருப்பது ஒன்று: துணிக்கூரையை மடித்தால் அதன் சட்டகம் இடப்பக்கப் பெட்டியின் மூடியை உரசுகிறது. மூடி ஏற்கெனவே ஒரு முறை விரிசல் விட்டு மாற்றியாகிவிட்டது. குளிர்காலத்தில் தாங்கு தகட்டைச் சற்று உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போது கோணத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.